தொட்டி மாறிய பேய்க்கணவாய்

அத்தியாயம் 4

பச்சைமுத்துவுக்கு அந்த டீச்சரை நேரில் பார்ப்பதற்கு முன்பே பிடிக்காமல் போய்விட்டது.

காரணம் ஒரு சட்டை. துப்பறிவாளர் அரங்கநாதனிடம் அவன் உதவியாளனாகச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. கொலைக் கேஸானாலும் சரி, கோர்ட்டுக்குப் போவதானாலும் சரி, மனுஷர் அதே பழுப்பேறிய அரைக்கைச் சட்டையோடுதான் கிளம்புவார். இன்றைக்கு, திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரைப் பார்க்கப் போகிறோம் என்றதும் லாண்டரியிலிருந்து வந்த வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய். செருப்புக்குக்கூடத் துடைப்பு.

"பொண்ணு பாக்கப் போறோமா சார்? பூ, பழம் எதுனா வாங்கிக்கட்டா?" என்றான் பச்சைமுத்து.

"ஜாடியை நேரா புடி. தண்ணி சிந்துது" என்றார் அரங்கநாதன்.

விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், பச்சைமுத்துவின் மடியில் இருந்தது ஓர் ஊறுகாய்க் கண்ணாடி ஜாடி. வாயைக் கொசுவலைத் துணியால் கட்டியிருந்தார்கள். உள்ளே கடல் தண்ணீர், ஒரு கல், கல்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பேய்க்கணவாய், இங்கிலீஷில் ஆக்டோபஸ். மங்கிய பழுப்பு நிறம். எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

விக்கிரவாண்டியில் ஏறிய குடியானவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா தம்பி அது?" என்றார்.

"எங்க மாமியாருங்க. ரெண்டு கை பத்தலேன்னு எட்டு வச்சிக்கினாங்க."

பஸ்ஸே சிரித்தது. அரங்கநாதன் சிரிக்கவில்லை. அவர் டைரிக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். போன மாசம் ஒரு விஷக்காளான் விவகாரத்தில் இதே டீச்சர் தபாலில் எழுதி அனுப்பிய பதில். அதை அவர் இரண்டாவது தடவையாகப் படிப்பதைப் பச்சைமுத்து கவனித்தான். எட்டு வருஷத்தில் அவன் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எதையும் அவர் முழுசாக ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

விஷயம் இதுதான். விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை எண்ணெய் மில் வைத்திருக்கும் கண்ணையன் தன் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரக் கண்ணாடித் தொட்டி கட்டிக் கடல் ஜீவன்களை வளர்த்தார். அறுபத்து மூன்றாம் வருஷத்தில் அந்த ஜில்லாவிலேயே அப்படியொரு தொட்டி அபூர்வம். அவற்றைக் கொண்டுவந்து விற்பவர் கோட்டக்குப்பத்து அமீர் பாட்சா. இரண்டு மாசத்துக்கு முன் ஒரு பேய்க்கணவாய்க் குட்டியையும் அவர்தான் கொண்டுவந்து விட்டார். வாரா வாரம் வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து, தொட்டிக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்.

போன வியாழக்கிழமை அவர் வந்த பஸ் கண்டமங்கலத்தில் ரிப்பேராகி நின்றுவிட்டது. காத்திருந்து பொறுமை போன கண்ணையன் தானே தொட்டிக்குள் கைவிட்டுப் பாசியை அள்ளினார். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. நாக்கு திரும்பவில்லை. மூச்சும் நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்சுகளும் ரப்பர்ப் பையை மாற்றி மாற்றி அமுக்கி மணிக்கணக்கில் மூச்சு ஓட்டினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார்.

பிழைத்து எழுந்ததும் கண்ணையன் சொன்னதுதான் ஆச்சரியம். கட்டைபோலக் கிடந்த நேரம் முழுக்க அவருக்கு நினைவு இருந்ததாம். எல்லாம் காதில் விழுந்ததாம். மருந்துக் கம்பவுண்டர் 'அவ்ளோதான் போலக்கீது' என்றது, பெண்டாட்டி தையல்நாயகி மாரில் அடித்துக்கொண்டது, சின்ன வயசுக் கூட்டாளியான மில் என்ஜின் டிரைவர் ராயப்பன் காலைப் பிடித்துக்கொண்டு, 'ஒனக்கில்லண்ணே... ஒனக்கில்ல' என்று கதறியது. "சாவு ஒனக்கில்லன்னு அப்படி அழுதான் சார், பாவி" என்று சொல்லும்போது கண்ணையனுக்கே கண் கலங்கிவிட்டது.

விரலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. தொட்டியில் பேய்க்கணவாய் இருந்தது. மறுநாளே போலீஸ் அமீர் பாட்சாவைப் பிடித்துச் சப்-ஜெயிலில் போட்டுவிட்டது. 'இது நான் வித்தது இல்லீங்க, வேற' என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். 'பேய்க்கணவாய்ல அண்ணன் தம்பி வேறயாடா?' என்று சிரித்தார் சப்-இன்ஸ்பெக்டர். அமீர் பாட்சாவின் மனைவி மஹபூப் பீவி அரங்கநாதனைத் தேடி வந்தது அதற்கப்புறம்தான். தொட்டியிலிருந்த அந்தப் பேய்க்கணவாய்தான் இப்போது ஜாடியில் இருந்தது.

பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் இருதயமேரி டீச்சர் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். தடித்த மூக்குக்கண்ணாடி, புடவை முந்தானையில் சாக்பீஸ் தூள். ஜாடியைக் கண்டதும் வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

"யாரும் கை வைக்கலியே?"

"இவன்தான் மடியில வச்சிக்கினு வந்தான்" என்றார் அரங்கநாதன்.

"மடியிலயா! நல்லவேளை, துணி கட்டியிருக்கீங்க. வித்தவர் என்ன சொல்லி வித்தாராம்?"

"குட்டின்னு சொன்னாராம் டீச்சர். வளந்தா கை நீளத்துக்கு வருமாம். தேங்காச் சிரட்டை ரெண்டு பாதி போட்டா, உள்ளே பூந்துக்கினு மேல ஒண்ணை மூடிக்குமாம். கண்ணையனும் அதைத் தினம் பாத்திருக்காரு. ஆனா கடிபட்டதுக்கு மொத நாளு சாயங்காலத்துலேருந்து அது சிரட்டைப் பக்கமே போகலியாம்" என்றார் அரங்கநாதன்.

டீச்சர் ஒரு கண்ணாடிக் குச்சியால் கல்லை லேசாகத் தட்டினார். அவ்வளவுதான். அந்த மங்கல் பழுப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. உடம்பு மஞ்சளித்தது. மஞ்சள் முழுக்க வட்டம் வட்டமாக, மயில்கழுத்து நீலத்தில் வளையங்கள் மின்னின. பச்சைமுத்து தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினான்.

"கோவம் வந்தாத்தான் வளையம் தெரியும். சும்மா இருக்கும்போது எல்லாப் பேய்க்கணவாயும் ஒரே சாடைதான்" என்றார் டீச்சர். "கடிச்சா வலிகூடத் தெரியாது. மூச்சு மட்டும் நின்னுடும். இப்போ, ஜாடியைத் தூக்கிக் கீழேர்ந்து பாருங்க."

அரங்கநாதன் குனிந்து பார்த்தார். சுருட்டிய கைகளுக்குள்ளே அரிசிமணிகளாய்க் கொத்துக் கொத்தாக ஏதோ தெரிந்தது.

"முட்டை!"

"குட்டிக்கு ஏது சார் முட்டை? இது முழுசா வளந்த தாய். இந்த ஜாதி இவ்வளவுதான் வளரும். சிரட்டைக்குள்ள ஒளியற ஜாதி முட்டையை ஏதாவது பொந்துக்குள்ள ஒட்டி வச்சிட்டு காவல் காக்கும். கைக்குள்ள சுமந்துக்கிட்டே திரியறது இதுதான்."

"ஆக, வித்தது ஒண்ணு. கடிச்சது ஒண்ணு. நடுவுல எவனோ மாத்தியிருக்கான். சபாஷ் டீச்சர்! சபாஷ்!"

அரங்கநாதன் மேஜையைத் தட்டினார். எட்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து பச்சைமுத்து கேட்டதில்லை. செஞ்சியில் நகைத் திருடனைக் கிணற்றுக்குள்ளே இறங்கிப் பிடித்த அன்றைக்குக்கூட, 'வேட்டியை மாத்திக்கினு வா, ஈரம்' என்றுதான் சொன்னார்.

"எட்டுக் கை இருக்கிறதை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினதுக்கே சபாஷா?" என்று முணுமுணுத்தான். யாருக்கும் கேட்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டருக்கு டிரங்க் கால் போட அரங்கநாதன் தபாலாபீசுக்குப் போனார். டீச்சரின் எழுத்து ரிப்போர்ட்டை வாங்கி வரப் பச்சைமுத்து தங்கினான். டீச்சர் ரிப்போர்ட்டை முடித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னவோ யோசித்து, ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி மடித்துக் கொடுத்தார்.

"இது கோர்ட்டுக்கு இல்ல. அவருக்கு மட்டும். எனக்குத் தோணினது. இப்பவே குடுத்துடுங்க, அவசரம்."

பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவன் சீட்டைப் பிரித்துப் படித்தான்.

'முட்டை சுமக்கும் தாய் இரை எடுக்காது. கண்ணையன் வீட்டுக்கு இன்னும் உயிர் நண்டு போகிறதா என்று விசாரியுங்கள். போனால், அதைத் தின்பது வேறொன்று. பழைய பேய்க்கணவாய் உயிரோடு இருக்கிறதென்று அர்த்தம். கண்ணையனின் எதிரி என்றால் அதை எப்போதோ தூக்கி எறிந்திருப்பான். காப்பாற்றி வைத்திருந்தால், அவருக்கு வேண்டியவர்களைத் தேடுங்கள்.'

பச்சைமுத்து அந்தச் சீட்டைப் பார்த்தபடி வெயிலில் நின்றான். நாலே வரி. இதைக் கொடுத்தால் கேஸ் முடிந்துவிடும். சபாஷ் டீச்சர், சபாஷ் டீச்சர் என்று விழுப்புரம் வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். இன்னொரு கடிதம் டைரிக்குள் போகும்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அரங்கநாதன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "எஸ்.ஐ. ஒத்துக்க மாட்டேங்கறான். மாத்தினவன் யாருன்னு காட்டு, அப்புறம் வுடறேங்கறான். டீச்சர் வேற எதுனா சொன்னாங்களா?"

"இல்ல சார்" என்றான் பச்சைமுத்து. குரல் பிசகாமல் வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது. "நீங்க போய்க்கினே இருங்க. எனக்கு இங்க ஒரு சின்ன வேல கீது. சாயங்காலம் வந்துடறேன்."

அவனிடம் சொந்தமாக ஒரு யோசனை இருந்தது. திண்டிவனத்து வக்கீல் சுப்பராயலு. இந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் கண்ணாடித் தொட்டி வைத்தவர் அவர்தான். கண்ணையனின் தொட்டி வந்த பிறகு அவருடைய தொட்டியைப் பார்க்க ஆள் வருவது நின்றுபோனது. இருவருக்கும் பேச்சுவார்த்தையும் நின்றுபோனது. இதைவிட என்ன வேண்டும்? ஒரு டீச்சரும் இல்லாமல், ஒரு நண்டும் இல்லாமல், தான் ஒருத்தனே குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். அப்போது அந்த மனுஷர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

வக்கீல் வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும், "கண்ணையன் தொட்டியில பேய்க்கணவாயை மாத்தினது யாருன்னு தெரியும் எனக்கு" என்று ஒரே போடாகப் போட்டான்.

சாய்வு நாற்காலியில் கிடந்த சுப்பராயலு எழுந்திருக்கவில்லை. "யாரு?"

"உங்களுக்கு அவர் மேல பொறாமை."

"ஆமாம். இருந்துது."

இந்தப் பதிலைப் பச்சைமுத்து எதிர்பார்க்கவில்லை. வக்கீல் விரலால் சுவரோரம் காட்டினார். பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாதி உயரத்துக்கு மல்லாட்டை கொட்டி வைத்திருந்தது.

"மீனெல்லாம் செத்து ஆறு மாசம் ஆவுது. கண்ணையன் தொட்டியைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. ரெண்டு நாளு கெடந்தேன். அப்புறம் ஒரு கேஸ் வந்துது, மறந்துட்டேன். எனக்கும் அவனுக்கும் நடுவுல இருபத்து மூணு மைலு இருக்குய்யா. அவ்ளோ தூரத்துல இருக்கறவன் மேல எவ்ளோ நாளுதான் வயிறு எரியும்? தினம் கண்ணுல படணும், கூட ஒக்காரணும், நம்ம எடத்துல ஒக்காரணும். அப்பத்தான் எரியும். போ, போறப்ப ஒரு புடி மல்லாட்டை அள்ளிக்கினு போ."

பச்சைமுத்து மல்லாட்டை அள்ளவில்லை. ஆனால் வக்கீல் சொன்னது பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் அவன் கூடவே வந்தது.

மறுநாள் காலை அரங்கநாதனும் அவனும் அமீர் பாட்சாவைப் பார்க்கச் சப்-ஜெயிலுக்குப் போனார்கள். வாசலில் வேப்பமரத்தடியில் மஹபூப் பீவி நின்றிருந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். கோட்டக்குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருப்பாள் போலிருக்கிறது. முக்காட்டுத் துணியெல்லாம் செம்மண் புழுதி.

"அவருக்கு ஜுரம் அடிக்குதுண்ணே" என்றாள் பச்சைமுத்துவிடம். "நேத்து டீச்சரம்மா பாத்துச் சொல்லிட்டா வுட்ருவாங்கன்னு ஐயா சொன்னாரே. அந்தம்மா வேற எதுவும் சொல்லலியா? ஒரு வார்த்தைகூடவா சொல்லல?"

அவளுடைய குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும். அவள் அவனை நம்பிக் கேட்டாள். பச்சைமுத்து சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அரங்கநாதனிடம் நீட்டினான்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது எப்போ குடுத்தாங்க?"

"நேத்து பதினோரு மணிக்கு சார்."

"நான் கேட்டப்ப?"

"பையிலதான் இருந்துது சார்."

திட்டுவார் என்று பார்த்தான். அவர் திட்டவில்லை. அவனை ஒரு கணம் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு சீட்டை டைரிக்குள் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று கடைத்தெருப் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடிய பச்சைமுத்துவுக்கு, வழியெல்லாம் அந்தப் பார்வை சுட்டுக்கொண்டே வந்தது.

மீன் மார்க்கெட்டில் நண்டு விற்கும் குப்பம்மாளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் அரங்கநாதன்.

"கண்ணையன் ஊட்டுக்கா? தெனம் நாலு நண்டுங்க, உயிரோட" என்றாள் குப்பம்மாள். "மொதலாளி படுத்த படுக்கையா கெடக்கறாரு, இந்த நேரத்துல நண்டு யாரு கேட்டான்னு நானும் நெனச்சேன். ராயப்பண்ணன் ஒருநாளு தவறாம வந்து வாங்கிக்கினு போவுது. இன்னிக்குக்கூட நல்லா சதையா பாத்துக் குடுன்னு ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கிச்சி."

கண்ணையன் வீட்டை ஒட்டிய மில்லின் பின்பக்கக் கொட்டகையில் கடல் தண்ணீர்ப் பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. புதன்கிழமைதோறும் ராயப்பன் வண்டியோடு கடற்கரைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம். கடைசிப் பீப்பாய்க்கு மட்டும் மூடிக்குப் பதிலாக ஈரச்சாக்கு போட்டிருந்தது. தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் பிரிந்து அந்தச் சாக்குக்குள் போயிற்று.

கண்ணையனையும் வரச் சொல்லியிருந்தார் அரங்கநாதன். இன்னும் நடை தளர்ச்சி தீராத அவர் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ராயப்பன் பதறிப்போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நாற்பது வயசு, எண்ணெய்ப் பிசுக்கேறிய காக்கி நிஜார், வேலை பார்த்துக் காய்ப்பேறிய பெரிய கைகள்.

"ஒக்காருண்ணே. டாக்டரு நடக்கக் கூடாதுன்னாருல்ல?"

அரங்கநாதன் சாக்கை எடுத்தார்.

தண்ணீருக்கு அடியில் தேங்காய்ச் சிரட்டை இரண்டு பாதி ஒன்றோடொன்று பொருந்தி மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேல் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது. இடுக்கு வழியாக ஒரு கண் வெளியே பார்த்தது.

"எம் பேய்க்கணவாய்!" என்றார் கண்ணையன். மறு நிமிஷம் அவர் முகம் வெளுத்தது. "ராயப்பா... இது இங்க எப்படிடா?"

ராயப்பன் சாக்கைப் பிடுங்கி மறுபடியும் பீப்பாயை மூடப் பார்த்தான்.

"நான் சொல்றேன்" என்றார் அரங்கநாதன். "போன புதன்கிழமை தண்ணி எடுக்கப் போனப்ப வலைக்காரங்க கிட்ட அந்த நீல வளையத்தை வாங்கியிருக்கே. சாயங்காலமே இதை எடுத்துட்டு அதைத் தொட்டியில வுட்டுட்டே. பழி அமீர் பாட்சா மேல விழும். சின்ன வயசுலேருந்து ஒண்ணா திரிஞ்ச மனுஷனையே கொல்லப் பாத்திருக்கே."

"இல்லீங்க!" ராயப்பன் அலறினான். "அண்ணனையா? அண்ணனையா நான்?"

"அப்போ இதை ஏன் மாத்தினே?"

ராயப்பன் பீப்பாய் விளிம்பில் கை வைத்துக் குனிந்தான். கண்ணையன் தடியைக் கெட்டியாகப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைமுத்து ராயப்பனைப் பார்த்தான். அந்த முகம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. நேற்றுப் பள்ளிக்கூட வாசலில், வெயிலில், சீட்டை மடித்துப் பையில் போட்டவனின் முகம்.

"சார், நீங்க சொன்னதுல கை மாறிப்போச்சு" என்றான் மெதுவாக.

"எந்தக் கை?"

"வியாழக்கிழமை தொட்டியில யாரு கை வுடுவாரு? அமீர் பாட்சா. வாரா வாரம் அவர்தானே? கடிபட வேண்டிய கை அதுதான். பஸ்ஸு ரிப்பேராவும், மொதலாளி தானே கைய வுடுவாருன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" பச்சைமுத்து கண்ணையன் பக்கம் திரும்பினான். "ஆஸ்பத்திரியில இவர் அழுதது உங்க காதுல விழுந்துதே, 'ஒனக்கில்லண்ணே'ன்னு. சாவு ஒனக்கில்லன்னு அவர் சொல்லலீங்க. அந்தக் கடி ஒனக்குன்னு வச்சதில்லன்னு சொன்னாரு."

கண்ணையன் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கிறீச்சிட்டது.

ராயப்பன் அப்படியே தரையில் குந்திவிட்டான். இரண்டு பெரிய கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அமீர் பாட்சா வர்றதுக்கு முன்னால சாயங்காலமானா நானும் அண்ணனும்தான்" என்றான், கைக்குள்ளிருந்து. "மில்லு நின்னதும் கூடத்துல ஒக்காருவோம். சீட்டு ஆடுவோம். சும்மா இருந்தாலும் சும்மா இருப்போம். இருபது வருசமா அப்படித்தான். இந்தத் தொட்டி வந்துது, அந்த ஆளு வந்தாரு. வந்தா ராத்திரி வரைக்கும் கடல் கதை, போனா அண்ணன் வாயில அதே பேச்சு. அண்ணன் வாயைப் பொளந்துகினு கேக்கறாரு. என் நாற்காலியில அவரு. நான் பீப்பாத் தண்ணியைத் தூக்கிக்கினு வந்து நின்னுகினே இருப்பேன். 'வச்சிட்டுப் போடா ராயப்பா'ன்னுவாரு அண்ணன். போடான்னு. அந்த ஆளு எதிர்ல."

"அதுக்கு ஒரு மனுஷனைக் கொன்னுடுவியா?" என்றார் அரங்கநாதன்.

"சாவாருன்னு நெனக்கலீங்க. வலைக்காரரு, தொட்டா கையி கால் வராதுன்னாரு. பயந்துகினு அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டாருன்னு நெனச்சேன். அவரு போனப்புறம் இதைத் திருப்பித் தொட்டியில வுட்டுடலாம், அண்ணன் ஆசையா வளக்கறதுன்னுதான் நண்டு போட்டுக் காப்பாத்திக்கினு இருந்தேன்."

"அவரை ஜெயில்ல போட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

ராயப்பன் கையை முகத்திலிருந்து எடுத்தான். "சொல்லணும்னு தெனம் காலையில நெனப்பேன். அவரு வெளிய வந்தா மறுபடியும் அந்த நாற்காலிதானேன்னு சாயங்காலம் தோணும்."

கண்ணையனுக்கு இன்னும் நாக்கு சரியாகப் புரளவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"எம்மேல... கோவம் வரலியா ராயப்பா? போடான்னது நான்தானே?"

"உம்மேல எப்படிண்ணே வரும்?" என்றான் ராயப்பன்.

கண்ணையன் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார், பீப்பாயைப் பார்த்தார், ஒரு தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ராயப்பன் தானாகவே எழுந்து முன்னால் நடந்தான். போகும்போது மட்டும் திரும்பி, "அதுக்கு இன்னும் நண்டு போடல. வாளியில கீது" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனான். அன்று பிற்பகல் அமீர் பாட்சா வெளியே வந்தார். ஜுரத்தில் கால் தள்ளாடியது. மஹபூப் பீவி தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, ஜெயில் வாசல் வேப்பமரத்தடியிலேயே அவரை உட்காரவைத்து ஊட்டினாள். பச்சைமுத்து பக்கத்தில் போய், "நேத்தே வந்திருக்கணும் நீங்க. வராததுக்குக் காரணம் நான்தான்" என்றான். அமீர் பாட்சா வாயில் சோற்றோடு அவனை ஏறிட்டுப் பார்த்தார். மஹபூப் பீவி பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை அரங்கநாதனும் அவனும் நடந்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவர் கேட்டார்.

"நான் கொலைன்னுதான் நெனச்சேன். எஸ்.ஐ.யும் அப்படித்தான் எழுதியிருப்பான். ஒனக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?"

பச்சைமுத்து கிளாசைக் கையில் உருட்டினான். ஏதாவது ஒரு கிண்டல் சொல்லித் தப்பித்துவிடலாம். நாலைந்து தயாராகவும் இருந்தன.

"நேத்து அந்த டீச்சரம்மா மாடிப்படியில கால் தடுக்கி வுழணும்னு நெனச்சேன் சார். நெசமாவே நெனச்சேன். ராயப்பனுக்குக் கையில பேய்க்கணவாய் கெடச்சுது. எனக்கு ஒரு சீட்டுதான் கெடச்சுது. அவ்ளோதான் வித்தியாசம்."

அரங்கநாதன் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். தெருவைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். எட்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கும் ஒருவனை இப்போதுதான் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"செஞ்சியில கெணத்துக்குள்ள எறங்கினியே, அன்னிக்கு நான் மேல நின்னுக்கினு கயித்தைப் புடிச்சிருந்தேன். கை நடுங்கிச்சு எனக்கு. நீ மேல வர்ற வரைக்கும் நடுங்கிச்சு" என்றார். "அதைச் சொல்லத் தெரியல, வேட்டியை மாத்துன்னேன்."

பச்சைமுத்து டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தான். அந்த நேரம் பார்த்துத் திண்டிவனம் பஸ் வந்து நின்றது. அவன் எழுந்தான்.

"எங்கடா?"

"டீச்சரம்மா கிட்ட. சீட்டை மறைச்சதை நானே நேர்ல சொல்லிட்டு வந்துடறேன் சார். நான் மறைக்கலேன்னா அவங்களால ஒரு ஆளு நேத்தே வெளிய வந்திருப்பாரு."

"நானும் வரட்டா?"

பச்சைமுத்து படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, அவருடைய நேற்றைய வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.

"வேணாம் சார். வயிறு இன்னும் முழுசா ஆறல. நீங்க பக்கத்துல நின்னுக்கினு சிரிச்சிப் பேசினா மறுபடியும் எரியும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.